வாங்கிக் கொடு

எக்வடோரின் தலைநகர் கித்தோவில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா, ஒருநாள் காலை நான் படியிறங்கும்போது மேலேயிருந்து குரல் கொடுத்தார்: "தாமே கொம்ப்ராந்தோ பான்." பாடப்புத்தக ஸ்பானியத்தில் இதற்கு 'வாங்கிக்கொண்டே எனக்குக் கொடு ரொட்டி' என்பதுபோல் ஏதோ பொருள் வரும். மாட்ரிட்காரர் கேட்டால் விழிப்பார். எனக்கு விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை. ரொட்டி வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்.

தமிழில் முன்னால் எச்சம், பின்னால் 'கொடு'. அந்த மலைநாட்டின் கிச்சுவா மொழியிலும் இதே அமைப்புதான்: வினையோடு 'ஷ்பா' என்ற ஒட்டு, அடுத்துக் கொடுத்தல் வினை. 1534இல் ஸ்பானியர் கித்தோவை நிறுவிய நாள்முதல் இரு மொழிகளும் ஒரே அடுப்படியில் புழங்குகின்றன. 'சொல் ஸ்பானியம், கட்டு கிச்சுவா' என்று அன்றே நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அந்த அவசரம், பேச்சைப் பதிவு செய்து ஆராயும் இந்த வேலைக்கு ஆகாது. அடுத்த வாரமே அதே அம்மா, "தாமே செர்ராந்தோ லா புவெர்த்தா" என்றார். கதவைச் சாத்தச் சொல்கிறார். நாம் 'சாத்திக் கொடு' என்போமா? 'கொஞ்சம் சாத்திடேன்' என்போம். இங்கே அந்தக் 'கொடு' யாருக்காக வேலை நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஏவலின் முனையை மழுக்க வருகிறது. வெறும் 'சாத்து' அந்த வீட்டில் அதட்டல். தமிழ்க் காது பாதி வழிதான் கூட வந்தது.

இன்னொரு சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் ஒருவர் "பாப்பாஸ் தெங்கோ" என்றார், உருளைக்கிழங்கு வைத்திருக்கிறேன் என்று. செயப்படுபொருள் முன்னால் வந்ததுமே கிச்சுவாவின் வேலை என்று குறித்துவிட்டேன். அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்பெயின்காரரும் அப்படி முன்னே தள்ளுவார். அழுத்தமே இல்லாத இடத்தில் வந்தால்தான் அது செய்தி. நானோ அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பதிவு செய்திருந்தேன். அதற்கு முன் என்ன கேட்கப்பட்டது என்பது பதிவில் இல்லை. அப்படிச் சேர்த்தவற்றையெல்லாம் தூக்கிப் போட்டேன். அதன்பின் பேச்சு தொடங்கும் முன்பே கருவியை ஓடவிடுகிறேன், பேரம் முடிந்து பையைத் தூக்கும்வரை.

கடைசியில், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். அவருக்குக் கிச்சுவாவில் ஒரு வாக்கியம்கூடப் பேச வராது.