இரு விரல்களுக்குள் விரியும் ஏடு

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர், தேவார மூவர் பாடிய தலம். அபிராமேசுவரர் மீது இரட்டைப் புலவர்கள் கலம்பகம் பாடியதும் இங்கேதான். ஒருவருக்குக் கண்ணில்லை; மற்றவருக்குக் கால் இல்லை. கண்ணிழந்தவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழிகாட்டுவார். ஒருவர் தொடங்கிய வெண்பாவை இன்னொருவர் முடிப்பார். பம்பையாற்றின் கரையை மாற்றிப் பாடிவிட்டதாக அவையோர் குறைகூற, அன்றிரவே வெள்ளம் பெருகி ஆறு திசைமாறிப் பாட்டை மெய்யாக்கியது என்பர்.

வங்கிப் பணி நிறைவுற்றபின் திண்டிவனத்தில் வசிக்கும் எனக்கு, கைப்பேசியைக் காணும்போதெல்லாம் அந்த இரட்டையர் நினைவே எழுகிறது. பார்வை மங்கியவருக்கு இது இன்னொரு தோள் அல்லவா? எங்கள் வழிபாட்டுக் குழுவில் எண்பதை நெருங்கும் அன்பர் ஒருவர், கண்புரை முற்றியதால் தேவாரப் புத்தகத்தை மூடி வைத்திருந்தார். பேரன் கைப்பேசியில் பதிகத்தை இறக்கித் தந்தான். இரு விரல்களால் திரையை விரிக்க, எழுத்து கொண்டைக்கடலை அளவு பெருகியது. அவர் மீண்டும் ஓதத் தொடங்கினார்.

திருமுறைகளுக்கு இடமாற்றம் புதிதன்று. தில்லையில் செல்லரித்தவை போக எஞ்சிய ஏடுகளை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்கிறது திருமுறைகண்ட புராணம். ஓலை தாளாயிற்று. 2007-இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேவாரத்தைக் கணினிப் பதிப்பாகவே வெளியிட்டது. இன்று அது சட்டைப்பையில் அடங்குகிறது.

ஆயினும் ஒரு குறை என்னை வருத்துகிறது. முன்பு எங்களிடம் இருந்தது ஒரே புத்தகம். ஒருவர் ஓதுவார், மற்றவர் செவிமடுப்பர். பிழை நேர்ந்தால் உடனே திருத்துவர். இப்போது ஆளுக்கொரு திரை. பதிகத்தின் நடுவே யாருக்கோ மணியடிக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் பாடல்களிலோ அப்பர் பாட்டு சம்பந்தர் பெயரில் உலவுகிறது; பண்ணின் பெயரும் இருப்பதில்லை. பண்ணை ஓதுவார் வாயிலாகக் கேட்டுக் கற்பதே முறை என்பது என் துணிபு. ஆதலால் பிரதோஷத்தன்று ஒரு கைப்பேசி மட்டுமே திறந்திருக்கவேண்டும் என்று முடிவு செய்தோம். சிலர் முணுமுணுத்தனர். ஆனால் கூட்டாக ஓதும் குரல் திரும்பிவிட்டது.

ஓவியத்துக்கும் இது பொருந்தும். விழுப்புரத்துக்கு வடமேற்கே பனமலைக் குன்றின்மேல், ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில், ஈசனின் ஆடலைக் கண்டு நிற்கும் தேவியின் வண்ண ஓவியம் உண்டு. ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் கடந்தும் ஒயிலாகக் காலை மடித்து, குடை நிழலில் நிற்கிறாள். அண்மையில் சென்றபோது இளைஞர் சிலர் படமெடுத்த கையோடு இறங்கிவிட்டனர். என் பேத்தியும் எடுத்தாள்; ஆனால் அதைப் பெரிதாக்கி, என் கண்ணுக்குத் தட்டுப்படாத அணிகலன்களின் மெல்லிய கோடுகளைக் காட்டினாள். பின்னர் இருவரும் கைப்பேசியை மறந்து நெடுநேரம் அம்மையையே பார்த்திருந்தோம். செல்ல எண்ணும் அன்பர்கள் வெயிலுக்கு முன்பே மலையேறிவிடுங்கள். பாறை விரைவில் சுடத் தொடங்கிவிடும்.