ஓசைப்படாத வார்

பழைய மோட்டார் வண்டி ஒன்று வீட்டில் இருந்தால் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தாம்பரத்தில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. நம்முடையது 2003-ஆம் வருஷத்து ஸான்ட்ரோ. இங்கிருந்து அதிக தூரமில்லாத இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது. தகப்பனார் ஆசையாக வாங்கி ஓட்டியது. 2016-இல் அவர் காலமானபின் நம் கைக்கு வந்தது. "காயலான் கடைக்குப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்" என்று ரயிலடிக்குப் போகும் வழியில் நாலு பேராவது ஹிதோபதேசம் செய்வார்கள். நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. வருஷந்தோறும் வண்டிக்கு மெருகு போட்டோம். ஆசன உறைகளை இரண்டு தடவை மாற்றினோம். ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் ஒன்றிலும் குறை வைத்ததில்லை. குறை வைத்த இடம் வேறு.

2025-ஆம் வருஷம் தை மாதத்தில், எண்பத்திரண்டு வயதான தாயாரைத் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. புறப்பட இரண்டு நாள் இருக்கையில், எண்ணெய் மாற்றுவதற்காக முடிச்சூர் சாலையில் உள்ள மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டைமிங் பெல்ட் எப்ப சார் மாத்தினது?" என்று கேட்டார்.

"வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?" என்றோம் நாம்.

"அறுந்து போற நிமிஷம் வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடும்" என்றார் அவர்.

இந்த வாரைப் பற்றி நேயர்களில் பலர் நம்மைப் போலவே அறியாதிருக்கக் கூடும். எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடித் திருப்புகிற அச்சு கீழே இருக்கிறது. காற்றும் பெட்ரோலும் உள்ளே வர, புகை வெளியே போக, வால்வுகளைத் திறந்து மூடுகிற அச்சு மேலே இருக்கிறது. கீழ் அச்சு இரண்டு சுற்றுச் சுற்றினால் மேல் அச்சு ஒரே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இம்மியும் பிசகக் கூடாது. இரண்டையும் கட்டி வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் வார். அது அறுந்தால் மேல் அச்சு நின்றுவிடும், வண்டியின் வேகத்தில் கீழ் அச்சு நிற்காது. அநேக எஞ்சின்களில், திறந்தபடியே நின்றுபோன வால்வின் தலையில் பிஸ்டன் வந்து முட்டும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் உடையும். நடுச் சாலையில் வண்டி நின்றுபோவது தனிக் கதை.

பழைய நாளில் இந்த வேலையைச் சங்கிலிதான் செய்து வந்தது. பெருங்களத்தூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கார்த் தொழிற்சாலை இருந்த காலத்தில் அங்கே செய்த ஹெரால்டு வண்டிக்குச் சங்கிலியே. தகப்பனார் அதைப் பற்றிச் சொல்வதுண்டு: சங்கிலி தளர்ந்தால் கடகடவென்று அழுது ஊரைக் கூட்டிவிடுமாம். 1962-இல் ஜெர்மனி தேசத்துக் கிளாஸ் 1004 என்ற சிறு காரில் பல் வைத்த ரப்பர் வார் வந்தது. சப்தமில்லை, எண்ணெய் வேண்டாம், விலையும் மலிவு. ஆனால் வாய் இல்லாத பிராணி! நோவைச் சொல்லாது. நாளையும் கிலோமீட்டரையும் பார்த்து நாமாகவே மாற்றினால்தான் உண்டு. ஓட்டம் குறைவாயிருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறாமலிருப்பதில்லை.

எப்போது மாற்றியது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தகப்பனாரின் கணக்கு நோட்டை நம் மனைவி பரண்மேலிருந்து எடுத்தாள். டயர், பாட்டரி, ஹாரன் பல்பு என்று எல்லாம் அவருடைய சாய்ந்த எழுத்தில் இருந்தன. 2012 மார்ச்சு மாதத்தில் ஒரு வரி: "டைமிங் பெல்ட், டென்ஷனர் மாற்றியது. 61,450 கி.மீ. அடுத்தது 2017." அதன் கீழே கோடு வேறு போட்டிருந்தார். 2017-இல் அவர் இல்லை. நோட்டு பரணில் இருந்தது. அந்த வாரை நம்பி எட்டு வருஷம் அதிகமாகக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் பறந்திருக்கிறோம்!

மறு நாள் காலை வேலை ஆரம்பமாயிற்று. வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி, எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, அதைத் தாங்கும் மவுண்டை எடுத்து, கீழ்ப் புல்லியின் போல்ட்டோடு மெக்கானிக்கும் பையனும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். மூடியைத் திறந்ததும் அவர் ஒன்றும் பேசாமல் வாரை வளைத்துக் காட்டினார். பற்களின் அடியில் வெடிப்பு. ஓரத்தில் ரப்பர் தேய்ந்து உள்நூல் பிரிந்து நின்றது. மேல் அச்சின் ஆயில் சீல் கசிந்து ஒரு பக்கம் எண்ணெயில் ஊறியும் இருந்தது. ரப்பருக்கு எண்ணெய் சத்துரு என்றார். நமக்கு அப்போது தாயாரின் முகம் ஞாபகம் வந்தது.

"வாரை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று கேட்டது நம்முடைய சிக்கன புத்தி. டென்ஷனர் உருளை, இரண்டு சீல்கள், வாட்டர் பம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். இவற்றில் ஒன்று பின்னால் கெட்டால் இதே கூலியை மறுபடி கொடுத்து இத்தனையையும் பிரிக்க வேண்டுமாம். புதுப்பேட்டையில் பழைய சாமான் மலிவாயிற்றே என்று அடுத்தபடி முணுமுணுத்தோம். "கதவு, கண்ணாடி வாங்குங்க சார். ரப்பரைப் பழசு வாங்கலாமா?" என்றார். ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்குப் போய்ப் புதிதாகவே வாங்கி வந்தோம். வண்டி படுத்திருந்தபடியால் மின்சார ரயிலில்தான் போனோம். 1931 முதல் தாம்பரத்துக்கு ஓடும் அந்த வண்டிக்கு இந்த வார்த் தொல்லை ஒன்றும் இல்லை.

புது வாரை மாட்டி, மேலும் கீழும் உள்ள குறிகளை ஒன்றுக்கொன்று நேராக்கிய பிறகும் அவர் சாவியைத் தொடவில்லை. பானாவைப் போட்டுக் கையாலேயே அச்சை முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றினார், எங்கேயும் முட்டவில்லை, குறிகள் திரும்பவும் நேராய் வந்தன. அப்புறந்தான் கிளப்பினார். பழைய சாமான்களைக் காகிதத்தில் சுற்றி நம் கையில் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

திருவண்ணாமலைப் பிரயாணம் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. புறப்படுமுன் தகப்பனாரின் வரிக்குக் கீழே தேதி போட்டு, "48,310 கி.மீ. அடுத்தது 2030" என்று எழுதினோம். மனைவி மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, 84,310 என்று திருத்தினாள். தாயார் நோட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதை மறுபடியும் பரணில் போடாதேடா" என்று சொல்லி, தாமே ஒரு கயிறு கோத்து, சமையலறையில் நாள்காட்டி தொங்கும் ஆணியில் மாட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.