மோட்டாருக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும்

குளிர் நாடுகளில் இருக்கும் நம்மவர்கள், ஆபீஸில் இருந்து கிளம்பும்போதே கைபேசியைத் தட்டி வீட்டு ஹீட்டரைப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே நுழையும்போது வீடு கதகதப்பாக இருக்கும். கம்மாபுரத்தில் அந்தக் கவலை கிடையாது. வீட்டைச் சூடாக்கும் வேலையைச் சித்திரை வெயில் ஓசியிலேயே செய்துவிடும்! ஆனால் தூரத்தில் இருக்கும் ஒரு இயந்திரத்தை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது, அது ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது... இந்த மூன்று கேள்வியும் இங்கேயும் உண்டு. இங்கே அந்த இயந்திரத்தின் பெயர் போர் மோட்டார்.

கம்மாபுரம் பக்கத்தில் ஒரு விவசாயி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வீட்டில் இருந்து கொல்லைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். மும்முனை மின்சாரம் முறை வைத்து விட்ட நாட்களில் ராத்திரி எழுந்து, டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட்டுவிட்டு வருவார். ஒரு நாள் காலடியில் பாம்பு. கடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் சொன்னான்: "அப்பா, வைஃபை ஸ்விட்ச் ஒன்னு வாங்கி அனுப்புறேன். ஆப்ல தட்டினா போதும்."

"வீட்டுக்குள்ளயே ரெண்டு ரூம் தாண்டினா உன் வைஃபை வரமாட்டேங்குது. கொல்லைக்கு எப்படிடா வரும்?"

நியாயமான கேள்விதான். சரி, வேறு என்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம்.

வெளிநாட்டு வீடுகளில் ஹீட்டருக்குப் பயன்படும் ஜிக்பீ ஒரு வழி. ஒரு கருவி பக்கத்துக் கருவிக்குச் செய்தியைக் கைமாற்றும், அது அடுத்ததற்கு. அறைக்கு அறை பிளக் பாயிண்ட் இருக்கும் வீட்டில் அருமையாக வேலை செய்யும். நெல் வயலில் பத்தடிக்கு ஒரு பிளக் பாயிண்டுக்கு எங்கே போவது? அடுத்தது கம்பி. தொழிற்சாலைகளில் 1979ல் இருந்தே இருக்கும் மாட்பஸ் முறையை ஆர்எஸ் 485 கம்பியில் சுமார் 1200 மீட்டர் வரை கொண்டுபோகலாம். கணக்குக்குச் சரியாக வரும். ஆனால் ஏர் ஓட்டும்போது அறுபடும், எலி கடிக்கும், செம்பு என்று தெரிந்தால் ஆளே வெட்டிக்கொண்டு போவான்.

மிச்சம் இருப்பது செல்போன். இதில் நம் நாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால், தன் தாத்தா ராத்திரியில் மோட்டார் போட நடந்ததைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினார். அவருடைய 'நானோ கணேஷ்' கருவி 2009ல் நோக்கியா நடத்திய போட்டியில் பரிசு வாங்கியது. சாதா பட்டன் போனே போதும் என்பதுதான் அதன் சிறப்பு.

நம்மவரும் ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கினார். எஸ்எம்எஸ் அனுப்பினால் ஓடும் வகை. சில மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் சாயங்காலம் செய்தி அனுப்பினார். பதில் இல்லை. டவர் இல்லை போல என்று படுத்துவிட்டார். எஸ்எம்எஸ் உடனே தொலைந்துபோகாது பாருங்கள்! கம்பெனியின் சர்வரில் காத்திருந்து, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும். நடுராத்திரியில் போய்ச் சேர்ந்தது. விடியும்வரை மோட்டார் ஓடி, பக்கத்துக் கொல்லையில் பிடுங்கத் தயாராக இருந்த மல்லாட்டை தண்ணீரில் நின்றது.

பக்கத்துக்காரரைச் சமாதானப்படுத்திவிட்டார். ஆனால் அவர் மனைவி கேட்டதற்குத்தான் பதில் இல்லை: "அந்த நேரத்துல யாராவது ஒயர்ல கை வச்சிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?"

விஷயமே இதுதான். எந்த முறை வேகமானது, எது புதுசு என்று பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. சொன்னது போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். தாமதமாக வரும் கட்டளை, வராத கட்டளையை விட மோசம்.

அடுத்த முறை அவர் வாங்கியது போன் போட்டுப் பேசும் வகை. அழைத்து எண்ணை அமுக்கினால், "மோட்டார் ஓடுகிறது" என்று உடனே குரல் வரும். லைன் கிடைக்கவில்லையா, ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். கூடவே, தண்ணீர் வராவிட்டாலும் ஒரு பேஸ் போனாலும் டவரைக் கேட்காமல் ஸ்டார்ட்டர் பெட்டியே மோட்டாரை நிறுத்திவிடும். இந்த வட்டாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நெய்வேலியில் நிலக்கரி எடுக்க, அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நிலத்தடி நீரை நம்பி மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட முடியாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் எரிந்துபோகும்.

செல்போன் முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. 2018ல் ஏர்செல் நின்றுபோனபோது தமிழ்நாடு முழுக்க சிம்கள் செத்துப்போயின. 2016ல் வந்த ஜியோவில் 2ஜி கிடையாது, பழைய 2ஜி ஸ்டார்ட்டரில் அந்த சிம் வேலை செய்யாது. ரீசார்ஜ் மறந்தால் மோட்டாரும் மறந்துவிடும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், வாங்கும் விலை ஒரு முறை, சிம் செலவு ஆயுளுக்கும்.

அந்த மாதச் செலவே இல்லாத வழியும் உண்டு. லோரா என்னும் ரேடியோ முறை. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் வாங்காமல் பயன்படுத்த 2005லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். திறந்த வெளியில் சில கிலோமீட்டர் போகும். படம், பாட்டு எல்லாம் அனுப்ப முடியாது. ஆனால் போடு, நிறுத்து, ஓடுகிறது, நின்றுவிட்டது... மோட்டாருக்கு இந்த நாலு வார்த்தை போதாதா? மகன் இதைத்தான் சொன்னான். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "ரிப்பேர் ஆனா விருத்தாசலத்துல பார்ப்பாங்களா?" அவன் பதில் சொல்லவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மின்கம்பங்களே விழுந்து கிடந்தபோது எந்த முறை இருந்தும் என்ன பயன்? கரண்ட் இல்லாமல் மோட்டார் இல்லை. அதனால் எல்லாவற்றையும் தாங்கும் முறை என்று எதையும் தேட வேண்டாம்.

வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மோட்டார் பதில் சொல்லுமா? சிக்னல் போனால் என்ன செய்யும்? கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள்?

அந்த விவசாயி இப்போது திண்ணையில் உட்கார்ந்தபடியே போன் போடுகிறார். அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார். ஆனால் விடிந்ததும் அவர் கொல்லைக்குக் கிளம்பிவிடுவார். மோட்டார் போட போன் போதும், மடை மாற்ற மண்வெட்டிதானே வேண்டும்?