பரிசுத்தமும் தீட்டும்

பாவம், மனந்திரும்புதல், பரிசுத்தம் என்னும் மூன்று சொற்களும் நம் ஆலயங்களில் ஞாயிறுதோறும் ஒலிப்பன. பலர் கைபட்டுத் தேய்ந்த காசினைப் போல அவற்றின் முத்திரை மங்கிவிட்டதோ என்று ஐயுறுதற்கு இடமுண்டு. பாவம் யாது என்று ஒரு சபையாரை வினவின், குடி, சூது, பொய், களவு, காமம் என விடை விரைந்து வரும். சில சபைகளில் திரைப்படமும் பொன்னகையும் அவ்வரிசையிற் சேரும். இவ்வரிசையைக் குறித்து வழக்காட நாம் புகவில்லை. இதனுள் இடம்பெறாத ஒரு பாவத்தைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

காரைக்கால் கடற்கரையில் கிளிஞ்சல்மேடு என்னும் மீனவர் ஊர் உளது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளின் மறுநாட் காலையில், ஆழிப்பேரலை அவ்வூரையும் அக்கரையின் பிற ஊர்களையும் தாக்கிற்று. இத்தகைய பேரிடர் நேருங்கால், மாண்டோரின் பாவமே அதற்குக் காரணம் என்று கூறத் துணிவோர் எக்காலத்தும் உளர். சீலோவாமிலே கோபுரம் சரிந்து 18 பேர் மடிந்தபோதும் மக்கள் அவ்வாறே எண்ணினர். ஆண்டவரோ, மடிந்தவர் எருசலேமிற் குடியிருந்த மற்றவரினும் பெரும்பாவிகள் அல்லர் என மறுத்து, தம்மைக் கேட்டு நின்றவர்களையே மனந்திரும்பும்படி அழைத்தார். ஆதலின் கடல் கொண்டவர்களின் பாவக்கணக்கை எழுதுவது நம் பணியன்று. கரையில் நிற்கும் திருச்சபையின் கணக்கைப் பார்ப்பதே நமக்குரிய பணி.

அக்கணக்கின் பழைய ஏடு தொலைவில் இல்லை. கிளிஞ்சல்மேட்டினின்று கரையோரமாக வடக்கே சென்றால் தரங்கம்பாடி வரும். 1706-ஆம் ஆண்டு சீகன்பால்கு ஐயரும் புளுச்சோ ஐயரும் கரையேறிய துறை அதுவே. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்ததும், புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் பிரதிட்டையானதும் அவ்வூரிலேதான். இப்பெருமைகளை நம் மாணவர் நன்கறிவர். அதே ஊரில் நிகழ்ந்த மற்றொன்றைப் பலர் அறியார்.

1733-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், கடலூரிற் பிறந்த வேளாளராகிய ஆரோன் தரங்கம்பாடியிற் குருப்பட்டம் பெற்றார். புரொட்டஸ்டாண்டுச் சபையில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அக்காலத்தில் இராஜநாயக்கன் என்னும் உபதேசியார் ஒருவர் இருந்தார். அவர் தஞ்சை மன்னரின் படையிற் பணியாற்றியவர். தரங்கம்பாடியில் அச்சான வேதநூலைப் படித்து உள்ளம் மாறியவர். எதிர்ப்புக்கஞ்சாது ஊழியம் புரிந்தவர். பறையர் குலத்திற் பிறந்தவர். 1741-இல் மற்றொருவரைக் குருவாக்க வேண்டிவந்தபோது இராஜநாயக்கனுக்கு அப்பட்டம் கிட்டவில்லை. தியோகு என்பவரே அதனைப் பெற்றார். இராஜநாயக்கனின் பக்தியிலோ திறமையிலோ மிஷனெரிமார் குறை காணவில்லை. அவர் கையினின்று திருவிருந்து வழங்கப்பெறின், உயர்சாதிக் கிறிஸ்தவரிடையே அத்திருவிருந்தின் மதிப்பே குன்றிவிடும் என அஞ்சினர். 1771-இல் தாம் இறக்கும்வரை அவர் உபதேசியாராகவே உழைத்தார்.

அவ்வச்சத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அப்பமும் இரசமும் ஒருவர் கைபட்டால் மதிப்புக் குன்றும் என்பது வேதத்தின் கொள்கையன்று; தீட்டின் கொள்கை. பரிசுத்தம் என்னும் சொல் தமிழ் மண்ணில் வழங்கியபோது, முன்னமே ஈங்கு வேரூன்றியிருந்த தீட்டுக்கு அஞ்சும் சுத்தம் அதனுட் புகுந்து அமர்ந்துகொண்டது. தீட்டுக்கு அஞ்சும் சுத்தம் பிறரைத் தொடாது விலகுவதால் நிலைபெறுவது. சுவிசேஷம் காட்டும் பரிசுத்தமோ குஷ்டரோகியைத் தொட்டது; ஆயக்காரனோடு பந்தியிருந்தது. அது தொட்டதனாற் குன்றவில்லை, தொடப்பட்டவரே நலமடைந்தார். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையாலன்றோ, தன் அண்டை வீட்டானை விலக்கிய ஒருவன் தன்னைப் பரிசுத்தவான் என்றே எண்ணி மனநிறைவோடு ஆலயத்தில் முழந்தாளிட இயன்றது! பாவத்தைப் பாவமென அறிந்து செய்பவன் என்றேனும் அழுவான். அதனையே தூய்மையென எண்ணிச் செய்பவன் எதற்காக அழுவான்?

இதனைத் திருத்த முயன்றோர் இலர் என்று கூறோம். 1833-இல் பேராயர் டானியேல் வில்சன் தம் சபைகளில் சாதிப் பாகுபாடு அறவே ஒழிய வேண்டுமெனக் கட்டளையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் அதற்கிணங்காது பிரிந்து நின்றனர். தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் இன்றும் வாழும் கீர்த்தனைகளைப் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதிவழக்கத்தைக் காத்து நின்றார் என்பது வரலாறு. இனிய பாட்டும் இப்பாவத்திற்குக் காவலாகாது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்திற் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பெற்றது; தனியிடம் தம் உரிமையென வழக்காடியோர் நீதிமன்றத்தில் வெற்றி காணவில்லை. 2003-ஆம் ஆண்டு நவம்பரில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், தம்மைக் காணச் சென்ற தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதி வேற்றுமையைக் கண்டித்துரைத்தார். 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள்ளேயே இவ்வேற்றுமை நிலவுகின்றது என்பதை எழுத்து மூலமாக ஒப்புக்கொண்டது. தரங்கம்பாடியின் 1741-க்கும் இதற்கும் இடையே 275 ஆண்டுகள்!

ஒப்புக்கொள்ளுதல் மனந்திரும்புதலின் வாயில், வீடு அன்று. பழைய கத்தோலிக்க செபங்களில் பாவத்திற்காக வருந்துதலை மனஸ்தாபம் என்பர். அச்சொல்லோ உலக வழக்கில் இருவருக்கிடையே நேர்ந்த மனக்கசப்பைக் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் தங்கியிருப்பது சிந்திக்கத்தக்கது. மனிதரோடுள்ள மனஸ்தாபம் தீராதிருக்கத் தெய்வத்தின்முன் மனஸ்தாபப்படுதல் எங்ஙனம்? மனந்திரும்புதல் என்பதிலோ திரும்புதல் உளது; கால் நின்ற இடத்திலேயே நிற்க, மனம் மட்டும் திரும்பிற்று எனல் பொருந்தாது. சகேயு கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. ஏழைகளுக்குப் பாதி ஆஸ்தியையும், வஞ்சித்துக் கொண்டதற்கு நாலத்தனையையும் கொடுக்க முன்வந்தான் என்றே எழுதினார்.

கிளிஞ்சல்மேடு என்னும் ஊர்ப்பெயரும் இதனை நமக்கு நினைவூட்டும். கடற்கரை நாட்டார் கிளிஞ்சலைச் சூளையிற் சுட்டு, நீரால் நீற்றிச் சுண்ணாம்பாக்குவர். அச்சுண்ணாம்பிற்கு இரு பயன்கள். நீரிற் கரைத்துச் சுவர்மேற் பூசினால் அழுக்கை மறைக்கும். மணலோடு அரைத்துச் சாந்தாக்கினால் கல்லோடு கல்லைப் பிணைக்கும். கிறிஸ்து பிறப்பு நாள் நெருங்குந்தோறும் நம் ஆலயச் சுவர்கள் வெள்ளை பெறுகின்றன. நம் துக்கமும் அறிக்கையும் அவ்வண்ணமே மேற்பூச்சாகின்றனவா, அன்றிப் பிரிந்த கற்களைப் பிணைக்கும் சாந்தாகின்றனவா என்பதே வினா.

மாணவ நண்பர்களே! இவ்வினாவிற்கு விடை ஆயர் அறிக்கைகளில் மட்டும் இல்லை. கல்லூரிச் சிற்றாலயத்தில் ஒரே கிண்ணத்திற் பருகியவர், படிப்பு முடிந்து ஊர் திரும்பியபின், கிறிஸ்தவப் பத்திரிகையில் இன்ன சாதியில் மணமகள் தேவையென விளம்பரம் செய்யக் காண்கின்றோம். ஒருவனுடைய அறிக்கை மெய்யோ பொய்யோ என்பது அவன் திருமணப் பந்தலிலும், விருந்துப் பந்தியிலும், சபையின் கல்லறைத் தோட்டத்திலும் வெளிப்படும். இம்மூன்றனுள் முதலிரண்டும் விரைவில் உங்கள் கைக்கு வரவிருப்பன. இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட கிண்ணத்தை அவர் கையில் இனி எவரும் கொடுத்தல் இயலாது. அவர்வழி வந்தவரோடு ஒரே இலையில் உண்டு, ஒரே குடும்பமாய் வாழ்தல் இயலும். அதனினும் எளியதொரு மனந்திரும்புதலைத் திருமறை காட்டவில்லை. அதனினும் உயர்ந்ததொரு பரிசுத்தத்தையும் நாம் அறியோம்.