கறுப்பு வெள்ளைத் தரை

சிகாகோ புறநகரில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பர்கர் கடை. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை, சிவப்பு ரெக்ஸின் இருக்கை, தொட்ட இடமெல்லாம் பளபளக்கும் குரோமியம், சுவரில் எல்விஸ், மர்லின் மன்றோ, ஜேம்ஸ் டீன். கடை கட்டிச் சில வருஷம்தான் ஆகிறதாம். உள்ளே போனால் 1955 என்று தரையும் கூரையும் சேர்ந்து சத்தியம் செய்கின்றன.

கவுன்ட்டர் ஸ்டூலில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தேன். அங்கிருந்தால் அடுப்படி தெரியும். உருட்டி வைத்த மாட்டுக் கொத்துக்கறியைச் சூடேறிய இரும்புத் தகட்டில் போட்டு, அகலக் கரண்டியால் ஒரே அமுக்கு. நம் பரோட்டா மாஸ்டரின் கை அப்படியே. அமுக்குவதெல்லாம் போட்ட கையோடு முடிந்துவிட வேண்டும். கொழுப்பு உருகத் தொடங்கிய பிறகு அமுக்கினால் சாறு முழுக்கத் தகட்டுக்குப் போய்விடும், பர்கர் சக்கையாகும். அந்தப் பையனுக்கு அது தெரிந்திருந்தது. ஓரம் முறுகி, நடுவில் ஈரம் குறையாமல் எடுத்தான். மில்க் ஷேக்கைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடித்த எவர்சில்வர் கோப்பையில் மிச்சம் இருந்ததையும் பக்கத்தில் வைத்தான். அந்தக் கால வழக்கங்களில் எதைக் காப்பாற்றாவிட்டாலும் இதைக் காப்பாற்றியதற்காக அமெரிக்கர்களை மன்னிக்கலாம்.

தங்கை மகள் ஹாட் டாக் சொன்னாள். சிகாகோ பாணி என்றால் கசகசா தூவிய பன், மாட்டிறைச்சி சாஸேஜ், மஞ்சள் கடுகு சாஸ், கண்ணைப் பறிக்கும் பச்சையில் ரெலிஷ், வெங்காயம், தக்காளி, நீளமாகக் கீறிய ஊறுகாய் வெள்ளரி, வினிகரில் ஊறிய குட்டி மிளகாய், மேலே செலரி உப்பு. கெட்சப் மட்டும் கூடவே கூடாது. நான் பாட்டிலை நோக்கிக் கை நீட்டியதும், "மாமா, இங்க யாராவது பாத்தா மானம் போயிடும்" என்றாள். பிறந்து வளர்ந்தது இந்த ஊரில் அல்லவா!

மூலையில் ஜூக்பாக்ஸ் இருந்தது. 1946இல் வந்த உர்லிட்சர் 1015இன் நகல். வண்ணக் குழாய்களில் குமிழி ஏறிக்கொண்டே இருக்கும். அசலில் 24 இசைத்தட்டுகள் இருக்கும். இதற்குள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் டிஜிட்டல்.

இந்த மாதிரிக் கடைக்கு டைனர் என்று பெயர். அதன் பூர்வீகம் இத்தனை மினுக்கானது அல்ல. 1872இல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் ராத்திரிச் சாப்பாடு விற்றதில் தொடங்கியது. பத்திரிகை ஆபீஸில் இரவு வேலை பார்த்தவர்கள்தான் வாடிக்கையாளர்கள். பின்னாளில் தொழிற்சாலையிலேயே கடையை முழுசாகச் செய்து ஊர் ஊராக அனுப்பினார்கள். சாலையிலும் ரயிலிலும் போக வேண்டியிருந்ததால்தான் அந்த ஒடுக்கமான வடிவம். நான் உட்கார்ந்திருந்த அலங்காரம் பிறந்தது ஐம்பதுகளில் இல்லை, அந்தக் காலத்தை நினைத்து ஏங்கிய எழுபது எண்பதுகளில். 1973இல் ஜார்ஜ் லூகாஸின் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படம் வந்தது, மறு வருஷம் ‘ஹேப்பி டேஸ்’ தொலைக்காட்சித் தொடர், 1986இல் லாஸ் ஏஞ்சலிஸ் மெல்ரோஸ் அவென்யூவில் முதல் ஜானி ராக்கெட்ஸ் பர்கர் கடை. ஐம்பதுகளில் பதின்வயதில் இருந்தவர்கள் கையில் அதற்குள் காசு சேர்ந்திருந்தது.

கடைக்குள் ஜோடித்த இந்தக் கடந்த காலத்தில் சிகரெட் புகை கிடையாது. இன்னொன்றும் கிடையாது. 1960 பிப்ரவரி 1ஆம் தேதி வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள் நான்கு பேர் உல்வொர்த் கடையில் இதே மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொஞ்ச நேரம் முன்பு அதே கடையில் அவர்கள் பற்பசை வாங்கியிருந்தார்கள். அதற்குக் கடைக்காரர்கள் காசை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். உட்கார்ந்து காபி குடிக்கத்தான் தடை. கடை மூடும்வரை நால்வரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அந்தக் கவுன்ட்டரில் கறுப்பினத்தவருக்குப் பரிமாற ஜூலை ஆகிவிட்டது. இப்போது அதன் ஒரு பகுதி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெற்கத்திக்காரர்களின் கதை என்று ஒதுக்கவும் முடியாது. சிகாகோவிலேயே நாற்பதுகளில் ஒரு காபி கடையில் இப்படி உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

நமக்கு விளங்காத சங்கதியா? 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து கைதானார்கள். இன்று கிராமத்து வீடு மாதிரி ஜோடித்த ஓட்டல்களில் அரிக்கேன் விளக்கு, ஆட்டுக்கல், திண்ணை எல்லாம் வைக்கிறார்கள். டீக்கடை இரட்டைக் குவளையை வைப்பதில்லை. வைக்கச் சொல்லவும் இல்லை. அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருந்தால் சரி.

இதையெல்லாம் யோசித்ததற்காகப் பர்கரைத் தள்ளி வைக்கவில்லை. முழுசாகத் தின்றேன்.

அடுத்த வாரம் டெவான் அவென்யூவுக்குக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போனோம். இந்தியக் கடைகள் நிறைந்த அதே சாலையில் மேற்கே நெடுந்தூரம் போனால், மில்வாக்கி அவென்யூ குறுக்கிடும் இடத்தில் சூப்பர்டாக். மோரி, ஃப்ளோரி பெர்மன் தம்பதியர் 1948இல் தொடங்கிய கடை. கூரைமேல் இரண்டு ராட்சத ஹாட் டாக் பொம்மைகள், ஒன்று சிறுத்தைத் தோல் கட்டிய ஆண், மற்றது பாவாடை கட்டிய பெண், கண் சிமிட்டிக்கொண்டு நிற்கின்றன. காரை நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னால் தட்டைக் கொண்டுவந்து ஜன்னலில் மாட்டுகிறார்கள். தக்காளியை இங்கே பச்சையாகவே ஊறுகாய் போட்டு வைக்கிறார்கள். பன்னுக்குக் கீழே உருளை வறுவல். பழசாகக் காட்ட இவர்கள் எந்தப் பாடும் படவில்லை. 1948லிருந்து பெரிதாக மாற்றாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இதுதான் பிடித்தது. "அங்க பாட்டு இருந்துச்சு, மில்க் ஷேக் ரெண்டு டம்ளர் வந்துச்சு, ஏசி வேற" என்று தங்கை மகள் போலிக்கு வக்காலத்து வாங்கினாள். நான் பதில் தேடிக்கொண்டே ஹாட் டாக்கைக் கடித்தேன். கடுகு சாஸ் மறுபக்கம் வழிந்து சீட்டில் விழுந்தது. மாப்பிள்ளை டிஷ்யூவை நீட்டினார்: "பாத்து மச்சான், வண்டி லீஸ்ல எடுத்தது."