காற்றுக்கு எதிரே ரியூனிங்

மண்ணெண்ணெயில் ஓடிப் பழகிய மோட்டார் சைக்கிளைத் திரும்பப் பெற்றோலுக்குக் கொண்டுவருவதென்றால், முதலில் அதன் காபரேற்றருக்குள் யார் கைவைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வேலணையில் நான் திருத்தி எடுத்தது மாமாவின் ஹொண்டா சிபி 200. எழுபதுகளின் நடுவில் வந்த வண்டி. 198 சிசி, இரட்டைச் சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கெய்ஹின் காபரேற்றர்கள். கழற்றிக் கழுவி, மெயின் ஜெற் இரண்டையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே இலக்கம்தான் பொறித்திருந்தது. ஆனால் இடப்பக்கத்து ஜெற்றின் துவாரம் கொஞ்சம் பெரிசு. வட்டமும் சரியில்லை, ஓரத்தில் ஊசியால் துருவிய கீறல்.

துருவியவரின் பெயர் மாமாவுக்கு ஞாபகமில்லை. காலம் நல்ல ஞாபகம். 1990 யூனில் சண்டை மீண்டும் மூண்டதோடு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது, மின்சாரமும் போனது. பின்னர் படையினர் வேலணை அடங்கிய தீவுப்பகுதியைப் பிடிக்க, தீவுச் சனம் பெருந்தொகையாக வலிகாமத்துக்கு இடம்பெயர்ந்தது. மாமா கொண்டுபோன சொத்தில் பெரியது இந்த வண்டிதான். பெற்றோல் இல்லாத நிலையில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டத்தான் ஜெற்றைத் துருவினார்கள்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, ஆகவே பற்றாது. சூடேறிய பிறகு பற்றும். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின்கள் பெற்றோல் தடைக்கு முன்பே அப்படித்தான் ஓடின: பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மெக்கானிக்மார் அந்த வழியைக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டுவந்தார்கள். சேலைன் குழாயால் சில சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். பிடித்ததும் மண்ணெண்ணெயைத் திறந்துவிட வேண்டும். ஏ 40 காரின் 1200 சிசி எஞ்சின் குறைந்த அமுக்கத்தில் ஓடுவது, அதனால் சமாளித்தது. ஹொண்டா கூடுதலாக அமுக்கும். சுமை ஏறினால் உள்ளே தட்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து அடியில் கிடக்கும் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். தெரிந்தவர்கள் ஒயிலை அடிக்கடி மாற்றினார்கள். மற்றவர்களின் எஞ்சின்கள் பிஸ்ரன் ரிங் தேய்ந்து புகைத்தன.

இந்தக் கதை ஹொண்டாவுக்குப் புதிதும் இல்லை. 1946 இல் சொய்ச்சிரோ ஹொண்டா ஹமமட்சு நகரில், இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சின்ன எஞ்சின்களைச் சைக்கிளில் பூட்டி விற்றார். போரில் தோற்ற அந்த நாட்டில் பெற்றோல் பங்கீட்டில் கிடைத்த காலம் அது. பைன் மரத்து எண்ணெயைக் கலந்துதான் அவற்றை ஓட்டினார்கள். இதை வாசித்த நாளிலிருந்து, ஊசியால் துருவிய அந்த ஜெற்றைப் பிழைவேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துருவியதைத் திரும்ப அடைக்க வழியில்லை. இரண்டு பக்கத்துக்கும் புது ஜெற் எடுத்தேன். மிச்சமெல்லாம் உப்போடு பட்ட பாடு. தீவுக்காற்றில் நின்ற காபரேற்றரின் உடம்பு வெள்ளையாய்ப் பூத்துப்போகும், பித்தளை பச்சை பிடிக்கும். ஸ்லோ ஜெற்றின் துவாரம் தலைமயிர் அளவு. அதற்குள் இரும்புக் கம்பி விடவே கூடாது. வயரிலிருந்து உரித்த செப்பு இழை போதும்.

பூட்டி முடித்து, ஊர்காவற்றுறையில் இருக்கும் ஒரு பழைய மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். தடைக்காலம் முழுவதும் கராச் நடத்தியவர். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொறு தம்பி. பிளக் நேரம், வால்வு இடைவெளி எல்லாம் பாத்தனியோ?”

“பாத்தனான் அண்ணை.”

“அப்ப எஞ்சின் சூடாகட்டும். காபரேற்றர் கடைசி வேலை.”

சூடானதும் காற்று ஸ்குரூ இரண்டையும் முட்டும்வரை மெதுவாக இறுக்கி, ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடத் திறந்தார். பிறகு பின்னால் போய்க் குந்தி, இரண்டு சைலன்சர் வாய்க்கும் நேரே இரண்டு உள்ளங்கையையும் பிடித்தார். வலக்கையில் மூச்சு ஒழுங்காய் வந்தது; இடக்கையில் இடைக்கிடை விட்டுவிட்டு வந்தது. இடப்பக்க ஸ்லோ ஸ்குரூவை மயிரிழை திருப்பச் சொன்னார். இன்னும் கொஞ்சம். இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்ததும், எஞ்சினை நிறுத்தி, காற்று வடியைக் கழற்றி, ஒவ்வொரு காபரேற்றர் வாய்க்குள்ளும் ஒரு விரலை வைத்துக்கொண்டு அக்சிலேற்றரை முறுக்கச் சொன்னார். இரண்டு ஸ்லைட்டும் ஒரே கணத்தில் எழும்ப வேண்டும். இடது பிந்தி எழும்பியது. கேபிளில் சரிசெய்தோம். வாக்குவம் கேஜ் இருந்தால் இதே வேலையை முள்ளைப் பார்த்துச் செய்யலாம். அவருடைய விரலும் கேஜுக்குக் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை.

எந்த எஞ்சினுக்கு ஜெற்றை எவ்வளவு துருவினார்கள், மண்ணெண்ணெய்க்குப் பிளக் நேரத்தை எவ்வளவு பிந்த வைத்தார்கள் என்பதை எழுதிவைத்ததாக நான் எங்கும் காணவில்லை. எல்லாம் அவரைப் போன்ற நாலு பேரின் தலைக்குள் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில் படிக்கும் பிள்ளைகள் கொப்பியோடு இவர்களிடம் வந்து குந்த வேண்டும், அதுவும் கெதியில். 2022 இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் அளந்து தந்தபோது, தட்டுப்பாடு பழங்கதை இல்லை என்று எல்லோரும் கண்டோம்.

நின்ற நிலையில் பார்த்தது பாதி ரியூனிங்தான். சுமை ஏற்றிப் பார்க்க மலைநாட்டில் ஏற்றம் உண்டு, தீவில் ஏது? எங்களுக்குச் சோளகக் காற்றுதான் ஏற்றம். வேலணையிலிருந்து வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்குப் போனால், ஆடி மாதத்துக் காற்று நேரே நெஞ்சில் வந்து மோதும். முக்கால்வாசி முறுக்கிலும் வண்டி திணறித்தான் போகும். அப்படியே கொஞ்சத் தூரம் ஓடி, கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கரி பிடித்திருந்தால் பெற்றோல் கூட, வெள்ளையென்றால் குறைவு. இரண்டு பிளக்கும் வெளிறிய பனங்கட்டி நிறத்தில் வந்தன. பழைய ஜெற்றோடு ஓடியபோது இடது பிளக் கரிக்கட்டியாய் இருந்தது.

கால்வாசி முறுக்கில் மட்டும் இன்னும் ஒரு தயக்கம். குறிகட்டுவானில், நயினாதீவுக்குப் போகிற சனம் படகுக்கு நின்ற இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு ஊசியின் கிளிப்பையும் ஒரு காடி கீழே இறக்கினோம். கிளிப் இறங்கினால் ஊசி உயரும், பெற்றோல் கொஞ்சம் கூடும். சரியாய் வந்ததோ என்று அன்றைக்கு முடிவாய்ச் சொல்ல முடியவில்லை. திரும்பி வரும்போது காற்று முதுகில். முதுகுக் காற்றில் எந்த வண்டியும் நல்லாய்த்தான் ஓடும்.