பதுளையில எந்த இடம்?

"மல்லி, கொஹெத கம?"

கொழும்பில் இரவு ஆட்டோ ஓட்டினால் இந்தக் கேள்வி நாளைக்கு நாலைந்து தடவையாவது வரும். ஊர் எது என்று கேட்கிறார்கள். சும்மா பேச்சுக்குத்தான். நானும் "பதுளை" என்பேன். "டவுனா?" என்று அடுத்த கேள்வி வரும். "ஓ, டவுன்தான்." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் லயம் பதுளை டவுனிலிருந்து 14 கிலோமீற்றர். பசறைப் பக்கம், தேயிலைக்கு நடுவே. போன லீவில் இந்தப் பொய்யை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ணவில்லை.

நான் கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம். செமஸ்டர் லீவில் மாமா மகனின் ஆட்டோவை எடுத்து ஓட்டினேன். பகலில் மச்சான், இரவில் நான். தெமட்டகொடையில் ஒரு போர்டிங் அறை, ஒரே மெத்தை. அவன் எழும்பும்போது நான் படுப்பேன். 2015இல் பிக்மீயும் ஊபரும் வந்த பிறகு கொழும்பில் ஸ்டாண்டில் இடம் பிடிக்காமலே ஹயர் ஓடலாம் என்றாகிவிட்டது. தோட்டத்துப் பையன்களுக்கு அது ஒரு வழி. கடை வேலைக்கு வந்தவர்கள் பலர் இப்போது ஹேண்டில் பிடிக்கிறார்கள்.

வேலை ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, அலுப்புத்தான். "கேட்டுக்கு முன்னாலதான் நிக்கிறேன்" என்பார்கள். அந்த ஒழுங்கையில் பதினைந்து கேட் இருக்கும். மழை பெய்தால் போன் ஓயாது. மழை விட்டால் பொரளைச் சந்தியில் ஒரு மணித்தியாலம் சும்மா கிடக்க வேண்டும். காசை நீட்டிவிட்டு மிச்சத்துக்கு நிற்பவர்களும் உண்டு, மிச்சத்தை வேண்டாம் என்பவர்களும் உண்டு. இரண்டாமவர்கள் பெரும்பாலும் பெரிய வீட்டுக்காரர்கள் இல்லை.

என்னைத் தடுக்கியது வேறொன்று. ஓட்டுவதற்குப் பதியும்போது நிரந்தர முகவரி கேட்டார்கள். "இல." என்று ஒரு கட்டம். என் அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயரும் பசறையும்தான் இருக்கின்றன. இலக்கம் கிடையாது, தெருவும் கிடையாது. மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "போர்டிங் அட்ரஸப் போடு. நானும் அதத்தான் போட்டேன்" என்றான். போட்டேன்.

உங்களில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் அத்தனை குடும்பத்துக்கும் ஒரே முகவரிதான். கடிதம் தோட்டத்து ஆபீஸுக்கு வரும். அங்கிருந்து யாராவது எடுத்து வந்தால் உண்டு. எங்கள் மாமாவின் பெயரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். 2022 கடைசியில், தவணை கட்டவில்லை என்று லீசிங் கடிதம் ஒன்று மாமாவுக்கு வந்தது. மேல் கணக்கில் இருக்கும் இன்னொருவர் வீட்டுக்குப் போய், மூன்று வாரம் கழித்து, பிரித்த கவரோடு எங்களிடம் வந்து சேர்ந்தது. மாமா வாசிக்கும் முன்பே மாமாவின் கடன் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்தக் கடன் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆட்டோவுக்கு வாரம் 5 லீட்டர். நான் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தேன். பதுளை செட்டில் வரிசையில் நிற்பது என் வேலை. கிடைக்கும் ஐந்தில் ஒன்றரை லீட்டரை மாமா ஒரு சோடா போத்தலில் ஊற்றி, சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிடுவார். அது ஆஸ்பத்திரிக்கு. பதுளை போய்வரச் சரியாக இருக்கும். எந்த ஹயருக்கும் அதை எடுக்கமாட்டார். "இது நம்ம பெற்றோல் இல்லடா" என்பார்.

ஓகஸ்டில் ஒரு இரவு போன் வந்தது. "கோயில் வளைவுக்கு வாங்க மாமா." அவ்வளவுதான் சொன்னார்கள், அது போதும். அதற்கு மேலே ரோடு கிடையாது, கல்லும் பள்ளமும்தான். மேட்டு லயத்திலிருந்து அந்த அக்காவைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். வலி கண்டு மூன்று மணித்தியாலமாம். நான் மாமாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு டோர்ச் அடித்தேன். பதுளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்வரை யாரும் எதுவும் பேசவில்லை. விடியும்போது சேதி வந்தது: பெண் பிள்ளை, இருவரும் சுகம்.

போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். தோட்டத்துக்கு ஒரு கிலோமீற்றர் இருக்கையில் பெற்றோல் தீர்ந்துவிட்டது. பிரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்தான் தள்ளிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் பெற்றோல் லீட்டர் 450 ரூபா. கொழுந்து எடுப்பவரின் நாட்சம்பளம் 1000 ரூபா. யாரிடம் என்ன கேட்பது? மாமா கொப்பியில் எழுதுவார்: "ஆஸ்பத்திரி. 10ஆம் தேதி." பத்தாம் தேதி சம்பளம் வரும், கடைக்காரர் பிடித்தது போக மிச்சத்தில் ஐந்நூறு வரும். சில நேரம் வராது. தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதாததற்கு அந்தக் கொப்பிதான் காரணம். அதில் இருப்பவர்களின் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள்.

லீசிங்காரருக்குக் கொப்பியைக் காட்ட முடியாது. வண்டியைத் தூக்க வருவதற்குள் மச்சான் அதைக் கொழும்புக்குக் கொண்டு வந்தான். இங்கே காசு அன்றன்றைக்கே கைக்கு வருகிறது, தவணையும் போகிறது. அந்தச் சோடா போத்தல் போன ஆட்டோதான் இப்போது பம்பலப்பிட்டியில் ஓடுகிறது.

அங்கேதான் ஒருநாள் இரவு ஒரு அம்மாவை ஏற்றினேன். பஸ்டியன் மாவத்தைக்கு, பதுளை பஸ்ஸுக்கு. புக் பண்ணியது வீட்டுக்காரர். அவர் பையோடு படியிறங்கி வரும்வரை நான் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஊரு எது தம்பி?"

"பதுளை."

"பதுளையில எந்தத் தோட்டம்?"

நான் திரும்பிப் பார்த்தேன். சிரித்தார். "நாளைக்கு அரைப்பேரா முழுப்பேரான்னு அம்மாகிட்ட கேட்டீங்களே. டவுன்ல யாரு அப்படிக் கேப்பாங்க?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். மேல் கணக்கா கீழ்க் கணக்கா என்றார். கோயிலுக்கு அங்கிட்டா இங்கிட்டா என்றார். பீலிக்குப் பக்கத்து லயமா என்றார். அத்தைமுறை ஒருவர் அங்கே கட்டிக்கொண்டு போனாராம். மருதானை தாண்டுவதற்குள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். என் போனிலுள்ள வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை.

அவர் லுணுகலைப் பக்கம். அந்த வீட்டில் பதினொரு வருடமாகச் சமையல். "பேங்க் லெட்டர், கிளினிக் லெட்டர் எல்லாம் இந்த வீட்டு அட்ரஸுக்குத்தான் வரும் தம்பி. தோட்டத்துக்கு அனுப்புனா யாரு கையில கெடைக்கும்?" என்றார். நானும் போர்டிங் அட்ரஸைத்தான் போட்டிருக்கிறேன் என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம். இறங்கும்போது பையிலிருந்து ஒரு பிஸ்கட் பெட்டியை எடுத்து நீட்டினார். வேண்டாமென்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் "கொஹெத கம?" என்று கேட்டவரிடம் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். "ஆ, தே வத்த" என்றார். பிறகு போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான். இத்தனை நாளாக எதற்குப் பயந்தேன் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

லீவு முடிந்து கேம்பஸ் வந்துவிட்டேன். மாமாவுக்கு இன்னமும் இரவில் போன் வருகிறதாம். அவர் பசறையிலிருந்து யாருடையதாவது ஆட்டோவைச் சொல்லி எடுக்கிறார். வருகிறவருக்கு இடம் தெரியாது. அதனால் மாமா டோர்ச்சை எடுத்துக்கொண்டு கோயில் வளைவில் போய் நிற்கிறார்.

லீசிங் முடிய இன்னும் பதினொரு மாதம். முடிந்ததும் வண்டியை ஊருக்குக் கொண்டு வருவதாக மச்சான் சொல்கிறான். கொண்டு வந்தால் மறுபடியும் கொப்பிதான். அது அவனுக்கும் தெரியும்.